செய்து பார்த்தால்தான் தெரியும்: தொல்லியல் கேள்வி – பதில்

போன இதழில் சோதனைத் தொல்லியலைப் பற்றிப் போகிறபோக்கில் சில வரிகள் எழுதியிருந்தேன். பழங்கால மனிதர்கள் செய்த ஒன்றை, அவர்களிடம் இருந்த பொருள்களையும் கருவிகளையும் மட்டும் வைத்துத் திரும்பச் செய்துபார்த்து, நம்முடைய ஊகம் நிற்கிறதா விழுகிறதா என்று சோதிக்கும் துறை அது. நிறையக் கேள்விகள் வந்துவிட்டதால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: கல்லில் கோடரி செய்து மரம் வெட்டுவதெல்லாம் ஆராய்ச்சியா? பொழுதுபோக்கு மாதிரி இருக்கிறதே. (வாசகர், மதுரை)

பதில்: கேள்வி ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு செய்தால் ஆராய்ச்சிதான். 1950களின் தொடக்கத்தில் டென்மார்க்கின் டிராவெட் காட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய மகரந்தத் தூள்களை ஆராய்ந்த யோஹன்னஸ் ஈவர்சன், புதிய கற்காலத்தில் அந்த நாட்டுக் காடுகள் சுருங்கியிருப்பதைக் கண்டு, முதல் விவசாயிகள் வெட்டி எரித்ததுதான் காரணம் என்று சொல்லியிருந்தார். கற்கோடரியை வைத்துக்கொண்டு காட்டையே வெட்ட முடியுமா என்ற கேள்வி உடனே வரும் அல்லவா? அருங்காட்சியகத்தில் இருந்த அசல் கோடரித் தலைகளையே வாங்கி, புதுக் காம்பு போட்டு, இறங்கிவிட்டார்கள். இரும்புக் கோடரிக்குப் பழகியவர்கள் தோளிலிருந்து ஓங்கி வீசியபோது கல்லின் விளிம்பு உடைந்தது. முழங்கையை மட்டும் அசைத்து, சின்னச்சின்ன வெட்டாக, வேகமாக வெட்ட வேண்டும் என்பது அப்புறம்தான் பிடிபட்டது. அதன்பின் ஓரடிக்கு மேல் குறுக்களவுள்ள ஓக் மரங்கள்கூட அரை மணி நேரத்துக்குள் சாய்ந்தன. வெட்டியதை எரித்து, அந்தச் சாம்பல் மண்ணில் தானியம் விதைத்து, பிறகு என்னென்ன செடிகள் முளைக்கின்றன என்பதையும் குறித்து வைத்தார்கள். அந்தக் கோடரியை எத்தனை வருடம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தாலும் கை எப்படி அசைய வேண்டும் என்பது தெரிந்திருக்காது.

கேள்வி: இதை ஆரம்பித்தது யார்? ஏன் ஆரம்பித்தார்கள்? (வாசகி, திருச்சி)

பதில்: ஒரே ஒருவரைக் காட்ட முடியாது. 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் பல இடங்களில் ஒரே சமயத்தில் முளைத்தது. மண்ணுக்குள் கிடந்த கற்கள் மனிதன் செதுக்கியவையா, தானாக உடைந்தவையா என்பது அன்று பெரிய சண்டை, காரணம் அவை மனிதன் செதுக்கியவை என்றால் பைபிள் கணக்கில் சொல்லப்பட்ட சில ஆயிரம் வருடங்கள் போதாது. பிரான்சின் அபேவில் பகுதியில் கிடைத்த கருவிகளை 1859இல் நேரில் போய்ப் பார்த்து, மனித குலத்தின் பழமையை ஏற்க வைத்தவர்களில் ஒருவரான ஜான் எவன்ஸ், தானே சிக்கிமுக்கிக்கல்லை உடைக்கப் பழகிக்கொண்டு கூட்டங்களில் செய்துகாட்டினார். டென்மார்க்கில் செஹெஸ்டெட் என்ற நிலப்பிரபு 1879இல் கற்கருவிகளை மட்டுமே வைத்து ஒரு மரவீட்டைக் கட்டுவித்தார். இங்கிலாந்தில் பிட் ரிவர்ஸ் என்ற தொல்லியலாளர், சிஸ்பரி என்ற இடத்தின் பழைய கல் சுரங்கங்களைத் தோண்டியபோது, மான்கொம்பால் சுண்ணாம்புப் பாறையைக் குடைய முடிகிறதா என்று செய்துபார்த்தார்.

ஏன் என்று கேட்டீர்களே, அங்கேதான் சித்தாந்தம் வருகிறது. பிட் ரிவர்ஸுக்குப் பெரிய எஸ்டேட் இருந்தது. கருவிகள் படிப்படியாகத்தான் மாறின, இயற்கை தாவிக் குதிப்பதில்லை, இதை அருங்காட்சியகத்தில் பார்க்கும் சாதாரண மக்கள் புரட்சிப் பேச்சுக்குக் காது கொடுக்காமல் இருப்பார்கள் என்று 1891இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்! அவர் காலத்தின் இன்னொரு நம்பிக்கை இதைவிடக் கொடியது. காலனி நாடுகளில் வாழும் பழங்குடிகளைக் "கற்காலத்திலேயே நின்றுவிட்டவர்கள்" என்று வைத்து, அவர்களைப் பார்த்தால் ஐரோப்பாவின் பழங்காலம் தெரியும் என்றார்கள்.

இஷியின் கதை அந்த நம்பிக்கையின் நடுவில் நடந்தது. கலிபோர்னியாவில் யாஹி இனம் குடியேறிகளால் கொல்லப்பட்டு அழிந்தபின் மிஞ்சிய அந்த மனிதர் 1911இல் வெளியே வந்தார். பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலேயே தங்கவைத்தார்கள். அவர் அம்புமுனை செதுக்குவதைப் பார்க்கக் கூட்டம் வந்தது. அவருக்கு வைத்தியம் பார்த்த சாக்ஸ்டன் போப் அவரிடமே வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டு, பிறகு அருங்காட்சியக விற்களை வைத்து எது எவ்வளவு தூரம் எய்கிறது என்று சோதித்தார். 1916இல் இஷி காசநோயில் இறந்தார். அவருடைய மூளையைத் தனியே எடுத்து வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டார்கள், 2000இல்தான் அது அவருடைய உறவுச் சமூகத்தாரிடம் திரும்ப வந்தது. போப்பிடமிருந்து நமக்குக் கிடைத்த அறிவு உண்மையானது. அது எந்த நிலைமையில் கிடைத்தது என்பதையும் கூடவே சொல்லாமல் அதைச் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: நாஜிகள் இந்தத் துறையைப் பயன்படுத்தினார்கள் என்று ஓரிடத்தில் படித்தேன். உண்மையா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: உண்மை. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஜெர்மனியின் தெற்கே போடன் ஏரிக்கரையில் உன்டர்உல்டிங்கன் என்ற ஊரில் 1922இல் மரத்தூண்கள் மேல் நிற்கும் பழங்கால வீடுகளைக் கட்டி மக்களுக்குத் திறந்தார்கள். ஹான்ஸ் ரைனெர்த் என்ற தொல்லியலாளர் அதில் முக்கியமானவர். திறமைசாலி, அகழாய்வில் புது உத்திகளைக் கொண்டுவந்தவர். ஹிட்லர் வந்ததும் கட்சியின் தொல்லியல் அமைப்புக்கே தலைவரானார். 1930களின் கடைசியில் அந்த அருங்காட்சியகமும் அதே அமைப்பின் கைக்குப் போய், ஜெர்மானிய முன்னோரின் மேன்மையைக் காட்டும் இடமாக விரிவடைந்தது. வடக்கே ஓர்லிங்ஹவுசனில் 1936இல் ஒரு "ஜெர்மானியப் பண்ணைவீடு" எழுந்தது, பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து காட்டினார்கள். கட்டி நிறுத்திய வீட்டுக்கு இருக்கும் சக்தி எந்தக் கட்டுரைக்கும் இல்லை. கட்டுரையில் "இருக்கலாம்" என்று எழுதலாம், கூரையில் "இருக்கலாம்" என்று எழுத முடியாது. உள்ளே நுழைந்து அடுப்பருகே நின்ற பிள்ளைக்கு இப்படித்தான் இருந்தது என்று முடிவாகிவிடுகிறது. போருக்குப் பின் துறையினர் ரைனெர்த்தை விலக்கினார்கள், ஆனாலும் 1990இல் இறக்கும்வரை ஏரிக்கரை அருங்காட்சியகம் அவர் பொறுப்பில்தான் இருந்தது. இன்று ஓர்லிங்ஹவுசன் அருங்காட்சியகம் தன் பழைய கதையைத் தானே பார்வையாளர்களுக்குச் சொல்கிறது, இது மெச்ச வேண்டிய விஷயம்.

இதை ஜெர்மானியர்களின் குற்றம் என்று மட்டும் பார்த்துவிட்டுப் போக முடியாது. போலந்தின் பிஸ்குபின்னைப் பாருங்கள். 1933இல் ஒரு பள்ளி ஆசிரியர் ஏரிக்கரையில் மரக்கட்டைகள் துருத்திக்கொண்டிருப்பதைக் கண்டு சொல்ல, அடுத்த வருடமே யூசெஃப் கோஸ்ட்ஷெவ்ஸ்கி தோண்டத் தொடங்கினார். மதிலும் தெருக்களும் வரிசை வீடுகளுமாக கி.மு. 8ஆம் நூற்றாண்டின் ஊர் ஒன்று அப்படியே வெளியே வந்தது. மேலிருந்து படம் எடுக்க பலூன் பறக்கவிட்டார்கள், மதிலையும் வாசலையும் திரும்பக் கட்டினார்கள். இது ஸ்லாவ் மக்களின் ஊர், ஆகவே இந்த மண் தொன்றுதொட்டுப் போலந்துக்காரர்களுடையது என்பது கோஸ்ட்ஷெவ்ஸ்கியின் வாதம். பானை வகையை வைத்து இனத்தைக் குறித்து, அந்த இனத்தை வைத்து நிலத்துக்கு உரிமை கோரும் இந்த முறையை அவர் கற்றது பெர்லினில், குஸ்டாஃப் கோசின்னாவிடம். அதே கோசின்னாவின் முறையைத்தான் நாஜிகளும் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 1940இல் நாஜிகளின் எஸ்.எஸ். படையின் ஆராய்ச்சி அமைப்பு வந்து, ஊருக்கு ஜெர்மன் பெயர் சூட்டி, இது ஜெர்மானியர்களுடையது என்று காட்டுவதற்காக அதே மண்ணைத் தோண்டியது. அந்த ஊரில் வாழ்ந்தவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்பதை மரக்கட்டைகள் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. மதில் கட்ட எவ்வளவு மரம், எத்தனை பேர் உழைப்பு என்று கேட்டிருந்தால் அவை பதில் சொல்லும். இரண்டு தரப்பும் கேட்டது அந்தக் கேள்வியை அல்ல.

கேள்வி: கம்யூனிஸ்ட் நாடுகளில்? (வாசகர், திருப்பூர்)

பதில்: அங்கே கதை வேறு மாதிரி போயிற்று. லெனின்கிராடின் தொல்லியலாளர் செர்கெய் செம்யோனவ் 1930களிலிருந்து கற்கருவிகளின் விளிம்புகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய சோவியத் தொல்லியலில் பொருள்களை வடிவப்படி வகைப்படுத்தி அடுக்குவதை முதலாளித்துவப் பழக்கம் என்று சாடினார்கள். மனிதனை மனிதனாக்கியது உழைப்பு என்பது மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் சொன்னது, அதனால் கருவி எப்படி இருக்கிறது என்பதைவிட அதை வைத்து என்ன வேலை செய்தார்கள் என்பதே முக்கியக் கேள்வியாயிற்று. செம்யோனவ் தானே கருவி செய்து, தோல் சுரண்டி, மரம் சீவி, எலும்பு அறுத்து, ஒவ்வொரு வேலையும் என்ன கீறல், என்ன பளபளப்பை விடுகிறது என்று பார்த்து, அதைப் பழைய கருவிகளின் தடங்களோடு ஒப்பிட்டார். 1957இல் வந்த அவருடைய நூல் 1964இல் ஆங்கிலத்துக்குப் போனதும் மேற்கத்திய ஆய்வாளர்கள் நுண்ணோக்கியைத் தேடி ஓடினார்கள். இன்று உலகத்தின் எந்தக் கற்கருவி ஆய்வகத்திலும் இந்த முறை இல்லாமல் வேலை நடக்காது.

சித்தாந்தம் இருந்தாலே ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று எழுதியிருந்த வாசகருக்கும் இதுவே என் பதில். மார்க்சியம் இங்கே நல்ல கேள்வியைக் கொடுத்தது, பதிலை நுண்ணோக்கிக்கு விட்டுவைத்தது. அரிவாள் என்று நினைத்த கல்லில் தோல் சுரண்டிய தடம் இருந்தால் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

கேள்வி: கோன்-டிக்கி தெப்பத்தில் பசிபிக் கடலைக் கடந்து தோர் ஹேயர்டால், தென்னமெரிக்காவிலிருந்து போனவர்களே பசிபிக் தீவுகளில் குடியேறினார்கள் என்ற தன் கொள்கையை நிரூபித்தார் என்று பள்ளியில் படித்தோம். அது சரிதானே? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: கடந்தது சரி, நிரூபித்தது சரியில்லை. 1947 ஏப்ரல் 28 அன்று பெருவின் கயாவோ துறைமுகத்திலிருந்து பால்சா மரத் தெப்பத்தில் ஆறு பேர் கிளம்பி, 101 நாட்களில் ராரோயா தீவின் பவளப்பாறையில் போய் மோதினார்கள். துணிச்சலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தொடக்கத்தில் ஓர் இழுவைக்கப்பல் அவர்களைக் கரையோர நீரோட்டத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டு போய் விட்டது. அதைவிட முக்கியம், அந்தப் பயணம் சொல்வது "போக முடியும்" என்பதை மட்டுமே. "போனார்கள்" என்பதற்குப் பானையோ எலும்போ மொழியோ வேறு ஏதாவதோ சாட்சி வேண்டும்.

ஹேயர்டாலின் கொள்கையில் இன்னொன்றும் இருந்தது. வெள்ளைத்தோலும் தாடியும் உடைய ஒரு கூட்டம் பெருவில் நாகரிகத்தைக் கொண்டுவந்து, பிறகு அங்கிருந்து துரத்தப்பட்டுப் பசிபிக் தீவுகளுக்குப் போனது என்றார். பெருவின் கற்கோயில்களையும் ஈஸ்டர் தீவின் சிலைகளையும் அந்தந்த மண்ணின் மக்களே செய்தார்கள் என்பதை ஏற்க மனம் வராதவர்களுக்கு இது இனித்தது. தெப்பம் மிதந்தது என்பதற்காக இந்தப் பகுதியும் சேர்ந்து மிதந்துவிட்டது. 2020இல் வெளியான மரபணு ஆய்வு கி.பி. 1200ஐ ஒட்டி தென்னமெரிக்கப் பழங்குடிகளுக்கும் பசிபிக் தீவுகளின் பாலினேசியர்களுக்கும் ஒரு கலப்பு நடந்ததைக் காட்டியது. சர்க்கரைவள்ளிக்கிழங்கு தென்னமெரிக்காவிலிருந்து அந்தத் தீவுகளுக்குப் போனது முன்பே தெரியும். தொடர்பு இருந்தது, சரி. ஆனால் பாலினேசியர்களின் மொழியும் மூதாதையரும் மேற்கே, ஆசியப் பக்கமிருந்து வந்தவர்கள். வெள்ளைத்தோல் தாடிக்காரர்கள் எங்கும் இல்லை.

பசிபிக் மக்களே இதற்குப் பதில் சொன்னார்கள், எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த அத்தியாயம் இதுதான். 1956இல் ஆண்ட்ரூ ஷார்ப் என்பவர், அந்தத் தீவுவாசிகள் நெடுந்தூரம் திட்டமிட்டுப் போய்த் திரும்பியிருக்க முடியாது, வழிதவறி ஒதுங்கித்தான் தீவுகளில் குடியேறினார்கள் என்று எழுதினார். 1973இல் ஹவாயில் பாலினேசியப் பயணச் சங்கம் தொடங்கியது. ஹோகுலேயா என்ற இரட்டைப் படகைக் கட்டினார்கள். நட்சத்திரம் பார்த்துக் கடலோடும் வித்தை ஹவாயில் அற்றுப்போயிருந்தது, மைக்ரோனேசியாவின் சட்டவால் தீவிலிருந்து மாவ் பியாய்லுக் வந்து வழிகாட்டினார். 1976 மே 1 அன்று மௌயி தீவை விட்டுக் கிளம்பி, கருவி எதுவும் இல்லாமல் நட்சத்திரங்களையும் அலைகளின் போக்கையும் பறவைகளையும் மட்டும் பார்த்து, ஜூன் 4 அன்று தஹீட்டியின் பப்பீட்டியை அடைந்தார்கள். துறைமுகத்தில் ஊரே திரண்டு நின்றது. இதுவும் பெருமிதத்தில் பிறந்த சோதனைதான், யாரும் மறைக்கவில்லை. ஆனால் கேள்வி தெளிவாக இருந்தது: கருவியில்லாமல் குறித்த தீவை அடைய முடியுமா? வழி தவறியிருந்தால் உலகத்துக்கே தெரிந்திருக்கும். படகின் உடல் ஒட்டுப்பலகையாலும் கண்ணாடி இழையாலும் ஆனது என்பதையும் அவர்கள் ஒளிக்கவில்லை, ஆகவே பழைய மரமும் கயிறும் எவ்வளவு தாங்கும் என்பதற்கு அந்தப் பயணத்தைச் சாட்சியாகக் காட்ட முடியாது, வழிகண்டுபிடிக்கும் வித்தைக்குக் காட்டலாம்.

கேள்வி: வேட்டை, கோடரி, கப்பல் என்றே பேசுகிறார்கள். பெண்கள் செய்த வேலையை யாரும் செய்து பார்க்கவில்லையா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நெடுங்காலம் அதிகம் பார்க்கவில்லை. கல் உடைத்துக் காட்டியவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அவர்கள் செய்ததும் பெரும்பாலும் வேட்டைக்கான அழகான ஈட்டிமுனைகள். கையில் கிடைத்த சில்லை அப்படியே வெட்டவும் சுரண்டவும் பயன்படுத்திய அன்றாட வேலை பின்னால் போய்விட்டது. இதைத் தொல்லியலாளர் ஜோன் கெரோ 1991இல் நேரடியாகவே எழுதினார். பிறகு நிலைமை மாறியது. டென்மார்க்கில் நூற்பையும் நெசவையும் முறையாகச் சோதித்தார்கள், தக்ளியின் எடை மாறினால் நூலின் பருமன் எப்படி மாறுகிறது, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மீட்டர் நூல் வரும் என்றெல்லாம் அளந்தார்கள். கம்பளியால் ஆன கப்பல் பாய்களைத் திரும்ப நெய்துபார்த்தபோது, வைக்கிங் என்ற வட ஐரோப்பியக் கடலோடிகளுடைய கப்பலின் உடலைக் கட்டிய உழைப்புக்கு அதன் பாயை நூற்று நெய்த உழைப்பு குறைந்ததல்ல என்று தெரிந்தது. கப்பலின் புகழ் முழுவதும் தச்சனுக்கும் மாலுமிக்கும் போய்க்கொண்டிருந்ததை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: சித்தாந்தம் கலக்காத சோதனை ஏதாவது உண்டா? (வாசகர், சேலம்)

பதில்: முழுக்கக் கலக்காதது என்று நான் சொல்ல மாட்டேன். 1960களில் அமெரிக்காவில் தொல்லியலாளர் லூயிஸ் பின்ஃபோர்டும் அவர் வழி வந்தவர்களும் கருதுகோள், சோதனை, அளவை என்று போனால் எல்லாம் நடுநிலையாகிவிடும் என்று நம்பினார்கள், அந்த நம்பிக்கையும் ஒரு சித்தாந்தம்தான். ஆனால் தவறினால் தவறு என்று தெரியும்படி அமைத்த சோதனைகள் உண்டு.

இங்கிலாந்தில் இரும்புக்கால விவசாயத்தைச் செய்துபார்க்க 1972இல் தொடங்கிய பட்சர் பண்ணையைச் சொல்வேன். அதன் கதை ஜெர்மனியில் ஆரம்பிக்கிறது. யூத வம்சாவளி என்பதற்காக தொல்லியலாளர் கெர்ஹார்ட் பெர்சுவை நாஜிகள் 1935இல் பதவியிலிருந்து நீக்கினார்கள், அவருக்கு எதிராக முன்னால் நின்றவர்களில் மேலே சொன்ன ரைனெர்த்தும் ஒருவர். இங்கிலாந்துக்குப் போன பெர்சு 1938இல் லிட்டில் உட்பரியில் தோண்டினார். இரும்புக்கால பிரிட்டன் மக்கள் குழிகளுக்குள் வாழ்ந்தார்கள் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். இல்லை, மேலே பெரிய வட்டவீட்டில் வாழ்ந்தார்கள், குழிகள் தானியம் சேமிக்க என்றார் பெர்சு. ஈரமான அந்த நாட்டில் மண்ணுக்குள் தானியம் கெடாதா? பட்சரில் பீட்டர் ரெனால்ட்ஸ் குழி தோண்டி, தானியம் நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்துப் பார்த்தார். குழிச்சுவரை ஒட்டிய தானியம் முளைவிட்டு, உள்ளே இருக்கும் உயிர்வளியைத் தின்று கரியமில வாயுவை வெளிவிடுகிறது. வாயு நிறைந்ததும் முளைப்பு நின்று, மீதித் தானியம் அப்படியே உறங்குகிறது. வசந்தத்தில் திறந்து விதைத்தால் முளைத்தது. மழைநீர் உள்ளே கசிந்த குழிகள் கெட்டன, அதையும் எழுதிவைத்தார்.

கேள்வி: எங்கள் பக்கம் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: இலங்கையில் நடந்த ஒரு சோதனை உலகப் புகழ் பெற்றது. பலாங்கொடைக்கு அருகே சமனலவெவ அணை கட்டுவதற்கு முன், தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் அந்த மலைச்சரிவுகளை ஆராய்ந்தபோது மேற்குப் பார்த்த முகடுகளில் இரும்பு உலைகள் வரிசையாகக் கிடைத்தன, கி.பி. முதல் ஆயிரமாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. துருத்தி இல்லாமல் வெறும் காற்றை நம்பி உருக்கினால் சூடு நிலைக்காது, நல்ல இரும்பு வராது என்பதுதான் பாடப்புத்தக எண்ணம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அதே இடத்தில், அதே அமைப்பில் உலை கட்டி எரித்தார்கள். முன்சுவரின் தலைக்கு மேல் காற்று பாயும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைகிறது, அந்தக் குறைவு அடியில் உள்ள ஊதுகுழாய்கள் வழியாகக் காற்றைச் சீராக உள்ளே இழுக்கிறது. வந்தது வெறும் இரும்புகூட அல்ல, கரிமம் மிகுந்த எஃகு. 1996இல் நேச்சர் அறிவியல் இதழில் வெளியானது. தொழில்நுட்பம் ஒரே பாதையில்தான் முன்னேறும், துருத்தி இல்லாதது பின்தங்கியது என்ற பழைய ஐரோப்பிய எண்ணத்துக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

நம் உருக்கு எஃகின் கதையும் இங்கே சேரும். 1790களில் இந்தியாவிலிருந்து லண்டனுக்குப் போன மாதிரிகளைப் பார்த்து, மைக்கேல் ஃபாரடேயும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் 1820ஐ ஒட்டி அதேபோலச் செய்ய முயன்றார்கள். நோக்கம் இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டுக்கு நல்ல எஃகு, பழங்காலத்தை அறிவது அல்ல. இன்று இங்கே பலர் உருக்கைத் திரும்பச் செய்துபார்க்க ஆசைப்படுகிறார்கள், எனக்கும் அந்த ஆசை நிறைய உண்டு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: முன்னோர் பெருமையைக் காட்டத்தான் அடுப்பு மூட்டுகிறீர்கள் என்றால், எது நடந்தால் உங்கள் ஊகம் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதை மூட்டுவதற்கு முன்பே எழுதிவையுங்கள்.

கேள்வி: பள்ளி ஆசிரியை நான். பிள்ளைகளோடு சின்ன அளவில் செய்யலாமா? (வாசகி, விருதுநகர்)

பதில்: தாராளமாகச் செய்யலாம், திறந்தவெளிச் சூளையில் பானை சுடுவதிலிருந்து தொடங்குங்கள். களிமண்ணில் மணல் கலந்தது, வைக்கோல் கலந்தது, எதுவும் கலக்காதது என்று மூன்று வகை செய்து, எது விரிசல் விடும் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். எரித்த விறகின் எடை, எடுத்த நேரம், உடைந்த பானைகள் எல்லாவற்றையும் குறியுங்கள். கல் உடைப்பதென்றால் கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், வகுப்பறைக்குள் வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலைக் கெடுக்கும். அசல் ஓடுகளையோ கருவிகளையோ தொடாதீர்கள். அப்புறம், நீங்கள் உடைத்த சில்லுகளை ஆற்றங்கரையிலோ பழைய மேட்டிலோ கொட்டிவிடாதீர்கள், நாளைக்கு யாராவது அதைக் கற்காலம் என்று எடுத்துப் போவார்கள். பள்ளி வளாகத்தில் ஒரு குழி தோண்டி, அந்த வருடத்து நாணயம் ஒன்றைச் சேர்த்துப் போட்டு மூடுங்கள், பின்னால் தோண்டுபவருக்கு அவை எந்தக் காலத்தவை என்று தெரிந்துவிடும்.